திங்கட்கிழமை ரத்தம்

நான்கு நாள் காய்ச்சலுக்குப் பிறகு ஆய்வகத்துக்குள் நுழைந்தேன். கோடு இடம் மாறியிருந்தது.

கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. கணினி முன்னால் அப்படியே நின்றேன். கறுப்புத் திரையில் ஆயிரக்கணக்கான பச்சைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் யாரோ ஒருவர் ரத்தத்திலிருந்து வந்த ஒரு வெள்ளணு. நடுவே மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்கு இடது பக்கம் விழுந்தால் ஒழுங்கான செல். வலது பக்கம் விழுந்தால் சந்தேகக் கேஸ். இருபத்துமூன்று வருடமாக அந்தக் கோட்டை இழுத்துக்கொண்டிருப்பவள் நான். வீட்டுச் சாவி எந்தப் பையில் இருக்கிறது என்று தினமும் தேடுவேன். அந்தக் கோடு எங்கே நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இன்று அது இரண்டு விரற்கடை இடது பக்கம் தள்ளி நின்றது.

"பஞ்சு!"

பஞ்சு என்பது அவர் பெயரல்ல. ஐம்பத்துநான்கு வயது டெக்னீஷியன். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள், இவர் ஓர் உருண்டை பஞ்சு வைத்திருப்பார். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

"வந்துட்டீங்களா மேடம். ஜுரம் விட்டுச்சா? முகமெல்லாம் வத்திப் போச்சே."

"கோட்டை யார் தொட்டது?"

"நான்தான். திங்கட்கிழமை நீங்க வரலை. நார்மல் வேணுமில்ல? என் ரத்தத்தையே எடுத்து ஓட்டிட்டேன். ரத்த வங்கி சிஸ்டர் ரெண்டு தடவை குத்துனாங்க. உங்களுக்கு நான் ஒரே குத்துல எடுக்கறேன், அந்த அருமை யாருக்குத் தெரியுது."

எங்கள் எந்திரத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அது செல்களை ஒவ்வொன்றாக ஒளிக்கு முன்னால் ஓடவிட்டு எண்ணும். எண்ணத்தான் தெரியும், எது நல்லது, எது கெட்டது என்று அதற்குத் தெரியாது. அதனால் வாரா வாரம் நோயாளிகள் ரத்தத்தைத் தொடுவதற்கு முன்பு ஆரோக்கியமான ஓர் ஆளின் ரத்தத்தை ஓட்டிக் காட்டுவோம். அந்த ரத்தத்தில் நூறு செல்லுக்கு ஐந்து மட்டும் வலது பக்கம் விழும்படி கோட்டை இழுப்போம். அதன் பிறகு நோயாளி. அவருக்கு ஐந்துக்குப் பதில் இருபது விழுந்தால் பெரிய டாக்டர்களுக்குச் சீட்டு பறக்கும். அந்த ஆரோக்கியமான ஆளுக்கு எங்கள் பாஷையில் 'நார்மல்' என்று பெயர். யாரோ ஒரு பயில்வானைத் தேடிப் பிடித்துக்கொண்டு வருவதில்லை. ஆய்வகத்தில் வேலை பார்க்கிற யாராவது சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அவர்தான் நார்மல்.

எங்கள் ஆய்வகத்தின் நார்மல், நான்.

நாங்கள் தேடுவது டி செல் என்கிற படையில் ஒரு கூட்டத்தை. கிருமி வந்தால் இந்தப் படை பெருகும், சண்டை முடிந்ததும் செத்துப்போகும். அதுதான் முறை. சில பேர் உடம்பில் ஒரு கூட்டம் மட்டும் சாக மறுத்துவிடும். இரண்டு நாள் தங்க வந்த உறவுக்காரர் மாதிரி அங்கேயே பெட்டியைப் பிரித்துவிடும். தங்கினாலும் பரவாயில்லை, வீட்டுக்காரர்களை வெளியே தள்ள ஆரம்பிக்கும். மற்ற வெள்ளணுக்கள் குறையும். வாயில் புண், அடிக்கடி காய்ச்சல், எதைச் செய்தாலும் களைப்பு. மெதுவான நோய்தான். மாத்திரைக்கு அடங்கும். இருப்பது தெரியாமல் போனால் மட்டும், என்றைக்காவது ஒரு காய்ச்சல் ஆளையே கொண்டுபோய்விடும். இதைப் பற்றித்தான் என் முப்பத்தொரு கட்டுரைகளும். ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம்.

"உங்க ரத்தத்துலதான் ஏதோ கோளாறு," என்றேன் பஞ்சுவிடம்.

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். தினம் நாற்பது பேர் ரத்தத்தைக் கையாளுகிற மனிதர். தன் ரத்தம் என்றதும் முகம் வெளுத்துவிட்டது.

"எனக்கா? நல்லாத்தானே மேடம் இருக்கேன். இன்னைக்குக்கூட ரெண்டு மாடி ஏறி வந்தேன்."

"ரெண்டு மாடி எல்லாரும்தான் ஏறுறாங்க."

"நீங்க ஏற மாட்டீங்களே. லிஃப்ட் வரலைன்னா அங்கேயே நின்னுட்டு இருப்பீங்க."

உண்மைதான். அப்போது அது எனக்கு ஒரு தகவலாகவே தோன்றவில்லை.

பத்து பேர் ரத்தம் வேண்டும் என்றேன், மதியத்துக்குள். பஞ்சு கிளம்பினார். வாசல் செக்யூரிட்டி, கேன்டீன் அம்மா, நூலகர், இயக்குநரின் டிரைவர், மூன்றாம் மாடியில் எலிகளைப் பார்த்துக்கொள்பவர் என்று ஒவ்வொருவராகத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு ஸ்பூன் ரத்தத்துக்கு இரண்டு பிஸ்கட் என்று பேரம். செக்யூரிட்டி, "க்ரீம் வெச்சதா, வெக்காததா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டினார். கேன்டீன் அம்மா ஊசியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "இவ்வளவு பெரிய படிப்பு படிச்சுட்டு, கடைசியில எங்கிட்ட வந்து ரத்தம் கேக்கறீங்களே!"

இரண்டு மணிக்கு முடிவுகள் வரிசையாக வந்தன. பஞ்சுவின் கோட்டில் செக்யூரிட்டி ஐந்து. கேன்டீன் அம்மா நான்கு. நூலகர் ஆறு. எலிக்காரர் ஐந்து. பத்து பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஒரே இடத்தில் நின்றார்கள். பஞ்சுவுக்கு உயிர் வந்துவிட்டது. மிச்சமிருந்த பிஸ்கட்டை எடுத்து அவரே கடித்துக்கொண்டார்.

கடைசியாக என்னுடையது. புள்ளிகள் விழ ஆரம்பித்தன. கோட்டுக்கு வலது பக்கம் ஒரு பச்சை மேகம் கட்டியது.

முப்பத்தெட்டு.

பஞ்சு பிஸ்கட்டை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "டியூப் மாறிப் போச்சுன்னு நினைக்கறேன் மேடம். என் தப்புதான். அவசரத்துல லேபிள் மாத்தி ஒட்டியிருப்பேன்," என்றார். இருபது வருடத்தில் ஒரு லேபிளைக்கூட மாற்றி ஒட்டாத மனிதர். எனக்காக ஒரு பொய் சொல்கிறார் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. மறுபடி எடுக்கச் சொன்னேன். மறுபடியும் எடுத்தார். முப்பத்தேழு.

ஒவ்வொரு வருடமும் ஜனவரியில் என் செல்களில் கொஞ்சம் எடுத்துத் திரவ நைட்ரஜனில் உறையவைத்திருக்கிறேன், பிற்காலத்தில் ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்று. ஒரு தொட்டி நிறைய என் ஜனவரிகள். வெள்ளிக்கிழமை முழுக்க அவற்றை ஒவ்வொன்றாக உருக்கி ஓட்டினேன். பதினொரு வருடம் முன்புவரை ஐந்து, ஐந்து, ஆறு, ஐந்து. அதற்கடுத்த ஜனவரியில் எட்டு. பிறகு பதினொன்று. பதினான்கு. அப்புறம் வருடத்துக்கு இரண்டு மூன்றாக ஏறி முப்பத்தெட்டில் வந்து நிற்கிறது. ஒரே நாளில் எட்டிலிருந்து முப்பத்தெட்டுக்குப் போயிருந்தால் நான் அலறியிருப்பேன். அப்படிப் போகவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு மயிரிழை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் என் புள்ளிகளில் ஐந்து மட்டும் வலது பக்கம் விழும்படி கோட்டை ஒரு மயிரிழை நகர்த்தினேன். என் ரத்தம்தான் நல்ல ரத்தம். அதனால் என் ரத்தம் மாறியபோது கோட்டை மாற்றினேன். வருடத்துக்கு நான்கு காய்ச்சல். நாக்கு ஓரத்தில் ஆறாத புண். லிஃப்டுக்காகக் காத்து நிற்பது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். தனியாக இருப்பவர்களுக்கு இதெல்லாம் சகஜம் என்றும் நினைத்துக்கொண்டேன். ஊரில் யாருக்கு இருந்தாலும் இந்த மூன்றையும் வைத்தே நோயின் பெயரைச் சொல்லியிருப்பேன்.

ஆய்வகத்துக்கு ஒரு விதிப் புத்தகம் உண்டு. நானே எழுதியது. பக்கம் பன்னிரண்டு: 'நார்மலாக ஒரே நபரைத் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது. மாதந்தோறும் ஆளை மாற்ற வேண்டும்.' ஏன் மாற்றுவதில்லை என்று கேட்டவர்களிடம், ஒரே ஆளாக இருந்தால் அளவு ஆடாது என்று சொல்லி வாயை அடைத்திருக்கிறேன். நம்பும்படியான காரணம். நானே பாதி நம்பினேன்.

உண்மையான காரணம் இது. திங்கட்கிழமை எட்டரை மணிக்குப் பஞ்சு என் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். என் முழங்கையைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொள்வார். கையுறைக்குள்ளிருந்தும் அந்தச் சூடு தெரியும். ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டுக் கட்டைவிரலால் நரம்பைத் தடவித் தேடுவார். "இறுக்கிப் பிடிங்க. ம், இப்ப விடுங்க." ஊசியை எடுத்ததும் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு, ரத்தம் நிற்கிறவரை மழையைப் பற்றியோ மகளின் பரீட்சையைப் பற்றியோ ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். மொத்தம் நான்கு நிமிடம். அம்மா போன பிறகு வாரத்தில் இன்னொரு மனிதர் என்னைத் தொடுவது அந்த நான்கு நிமிடம்தான். இதில் வேறு எதுவும் இல்லை. பஞ்சு நல்ல மனிதர், நல்ல கணவர், நான் அவரை ஒருநாளும் வேறுவிதமாக நினைத்ததில்லை. ஒரு கை. அவ்வளவுதான். மாதம் ஓர் ஆள் என்று மாற்றியிருந்தால் எனக்கு முறை வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ வந்திருக்கும். பக்கம் பன்னிரண்டைத் திறக்காமலேயே இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன்.

சனிக்கிழமை பழைய நோயாளிகளின் கோப்புகளைத் திறந்தேன். புள்ளிகள் எல்லாம் கணினியில் அப்படியே இருந்தன. அவற்றின் மேல் சரியான கோட்டை வைத்துப் பார்த்தால் போதும். பதினொரு வருடத்தில் இரண்டாயிரத்து நானூறு பேர். 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று என் கையெழுத்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில், கோடு மாறியதும் வலது பக்கம் போனவர்கள் பதினேழு பேர். பெயர்களை ஒரு தாளில் எழுதினேன். பட்டியலில் என் பெயரைச் சேர்க்கவில்லை. நான் வேறு கணக்கு.

ஞாயிறு பதினோரு மணிக்குத் தங்கையின் போன். வாரா வாரம் அதே நேரம்.

"அக்கா, சாப்டியா?"

"ஆச்சு."

"என்ன சாப்ட?"

"ரொட்டி."

"ரொட்டி ஒரு சாப்பாடா? குரல் ஏன் இப்படி இருக்கு?"

"ஜுரம் வந்துட்டுப் போச்சு."

"எப்போ? ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சொன்னா என்ன, பறந்து வந்துடுவியா?"

சிரிப்பதற்காகத்தான் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. எனக்கு எலும்பு மஜ்ஜையிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும், கூட ஒருத்தர் கட்டாயம் வர வேண்டும் என்று, நேற்று மாலை நான் போய்ப் பார்த்த ரத்தப் பிரிவு டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கான படிவம் மேசைமேல் கிடந்தது. 'உடன் வருபவர், உறவுமுறை' என்று ஒரு வரி, பக்கத்தில் புள்ளி புள்ளியாகக் காலி இடம்.

"ஏண்டி, ஒரு ரெண்டு நாள் வந்துட்டுப் போறியா?"

"எதுக்கு?"

"சும்மாதான்."

"நீ சும்மா கூப்பிடற ஆளா?" ஒரு நொடி தயங்கினாள். கேட்டுவிடுவாளோ என்று இருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். "சின்னவனுக்குப் பரீட்சை முடியட்டும்க்கா. அடுத்த மாசம் கண்டிப்பா வரேன். இரு, மேல் வீட்ல தண்ணி வரலைன்னு வந்து நிக்கறாங்க. அப்புறம் கூப்பிடறேன்."

அப்புறம் என்பது அடுத்த ஞாயிறு.

திங்கட்கிழமை எட்டரை மணி. பஞ்சு ஸ்டூலை இழுத்துப் போட்டார். எதிரே செக்யூரிட்டி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, புதுமாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பஞ்சு அவருடைய முழங்கையைத் தாங்கிக்கொண்டார். நான் திரையைப் பார்ப்பவள்போல் நின்றேன். கோடு செக்யூரிட்டியின் ரத்தத்தில் சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது. வேலை சுத்தம். நான் பதினேழு பேரின் தாளை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனேன்.

இயக்குநர் முழுவதையும் கேட்டார். நல்ல மனிதர்தான். நாற்காலியை ஒருமுறை சுழற்றிவிட்டு, "இப்ப கோட்டைச் சரி பண்ணிட்டீங்க இல்ல?" என்றார்.

"பண்ணியாச்சு சார்."

"அப்ப விடுங்க. இன்னும் ஏழு மாசம். கௌரவமா மாலையைப் போட்டு அனுப்பி வைக்கிறோம். பழசைத் தோண்டினா உங்க பேர் மட்டுமா போகும்?"

"பதினேழு பேர் வீட்ல உக்காந்திருக்காங்க சார், ஒண்ணுமில்லைன்னு நம்பிக்கிட்டு."

"சரி, கமிட்டிக்கு எழுதுங்க. கமிட்டி கூடி முடிவெடுக்கும்."

"எப்ப கூடும்?"

"கூடும்போது கூடும்."

"நான் இன்னைக்கே போன் பண்ணப் போறேன் சார். இந்தப் பதினொரு வருஷத்துல வந்த ஒன்பது கட்டுரையையும் திரும்ப வாங்கிக்கறேன்னு பத்திரிகைகளுக்கும் எழுதிட்டேன்."

"உங்களுக்கு உடம்பு சரியில்லை மேடம். லீவு எடுத்துக்கங்க," என்றார். மிரட்டலா, அக்கறையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டும் கலந்த குரல் இயக்குநர்களுக்கு மட்டும் எப்படியோ வந்துவிடுகிறது.

ஆய்வகத்துக்குத் திரும்பியதும் பஞ்சு எண்களை அழுத்தினார், நான் பேசினேன். பத்து பேர் மறுபரிசோதனைக்கு வருகிறோம் என்றார்கள். அதில் ஒரு பெண்மணி, ஏதோ கல்யாணத்துக்கு அழைத்ததுபோல "ரொம்ப சந்தோஷம், அவசியம் வரோம்" என்றார். இரண்டு பேர் திட்டினார்கள். "நேத்துதான் ஒருத்தன் ஏடிஎம் நம்பர் கேட்டான், இன்னைக்கு நீ ரத்தம் கேக்கறியா?" என்று அவர்களில் ஒருவர் போனை வைத்துவிட்டார். நான்கு எண்கள் உபயோகத்தில் இல்லை. மிச்சம் ஒன்று. ஒரு பெண் எடுத்தாள்.

"அப்பா இல்லீங்களே. மூணு வருஷம் ஆச்சு."

"எப்படிம்மா?"

"ஜுரம்தான். ரெண்டே நாள். சாதாரண ஜுரம்னு நினைச்சோம். நீங்க யாருங்க?"

பஞ்சு ரிசீவரை வாங்கப் பார்த்தார். நான் கொடுக்கவில்லை. "உங்க அப்பாவைப் பரிசோதனை பண்ணின டாக்டர்மா. உங்ககிட்ட நேர்ல வந்து ஒரு விஷயம் சொல்லணும். எப்ப வரலாம்?" என்று கேட்டேன். அவள் அடுத்த வாரம் புதன்கிழமை என்றாள். குறித்துக்கொண்டேன்.

எண் கிடைக்காத நால்வரில் முதலாமவர் தையற்காரர். ஐந்து வருடத்துக்கு முந்தைய முகவரி. சனிக்கிழமை காலை இரண்டு பஸ் மாறிப் போனேன். பையில் நான்கு டியூப், ஊசி, ரப்பர் பட்டை, பஞ்சு கொடுத்தனுப்பிய ஓர் உருண்டை பஞ்சு. அவர் தானும் வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். இதற்கு ஒருத்தி போதும்.

குறுகலான தெரு. மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, அதுதான் கடை, அதற்குப் பின்னால் வீடு. தையல் எந்திரத்தின் சத்தம் வாசல்வரை கேட்டது. கொஞ்சம் ஓடும், நிற்கும். மறுபடி கொஞ்சம் ஓடும். பள்ளிச் சீருடைத் துணி ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. நடுவில் அவர். ஐந்து வருடத்தில் பாதி ஆளாகியிருந்தார். நான் யார் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே கண்டுகொண்டார்.

"அடடே, நார்மல் மேடம்! வாங்க, வாங்க. ரிப்போர்ட்ல நார்மல்னு எழுதிக் குடுத்தீங்களே, மறக்குமா?"

சத்தம் கேட்டு அவர் மனைவி உள்ளேயிருந்து வந்தார். கையில் ஈரம். யாரென்று தெரிந்ததும் அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

"நீங்கதானா அது? கடவுளாப் பாத்து அனுப்பியிருக்கார். உக்காருங்க மேடம். நீங்களே இவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க." மேசை இழுப்பறையைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்த ஒரு தாளை எடுத்து என்முன் நீட்டினார். என் கையெழுத்து. அந்த நாட்களில் கொஞ்சம் அழகாகப் போடுவேன். "மாசத்துக்கு ஒரு தடவை ஜுரம்பார். வாய்ப்புண்ணும்பார். நாலு சட்டை தைச்சா நாற்பது தைச்ச மாதிரி சாஞ்சுக்குவார். நான் இந்தப் பேப்பரை எடுத்து மூஞ்சிக்கு நேரா காட்டுவேன். பெரிய டாக்டர் எழுதியிருக்காங்க, உடம்புல ஒண்ணுமில்லைன்னு. எல்லாம் மனசு. நடிப்பு. பள்ளிக்கூடம் திறக்கப் போகுது, முந்நூறு சட்டை நிக்குது, மனுஷன் படுத்துக்கறார்."

"இப்ப படுக்கலையே," என்றார் தையற்காரர் சமாதானமாக. "தைச்சிட்டுத்தானே இருக்கேன்."

"நான் கத்தினதுக்கப்புறம் எழுந்து வந்தீங்க."

"அவளும் என்ன பண்ணுவா மேடம். பேப்பர்ல இருக்கறதைத்தானே சொல்றா." என்னைப் பார்த்துச் சிரித்தார். உதட்டின் உட்புறம் வெள்ளையாக ஒரு புண் தெரிந்தது. "நானும் உங்க பேப்பரை நம்பி, வேற டாக்டர்கிட்ட போறதையே விட்டுட்டேன்."

வழி முழுக்க யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் இருந்தன. கோடு, எந்திரம், நார்மல் என்று ஒழுங்காகத் தொடங்கும் வாக்கியங்கள்.

"அந்தப் பேப்பர் தப்பு," என்றேன்.

எந்திரத்தின் சக்கரத்தில் வைத்திருந்த அவர் கை நின்றது.

"தப்புன்னா?" என்றார் மனைவி.

"உங்க வீட்டுக்காரருக்கு அப்பவே ரத்தத்துல நோய் இருந்திருக்கு. நான் சரியாப் பாக்கலை. தப்பு என்னோடது. ஜுரம், புண்ணு, களைப்பு எல்லாமே அந்த நோய்தான். மாத்திரை இருக்கு, சரி பண்ணலாம். ஆனா இப்பவே ஆரம்பிக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். மனைவி கையிலிருந்த தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கணவரை மட்டும் பார்க்கவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. தையற்காரர்தான் பேசினார். கேள்வி என்னைப் பார்த்து. நிஜமாகவே தெரியாமல் கேட்கிறவர் குரல்.

"அப்ப நான் நடிக்கலை. இல்ல மேடம்?"

"இல்லை."

"எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. சில நாள் படுத்துக்கிட்டு யோசிப்பேன், நாம சும்மாதான் படுத்திருக்கோமோன்னு."

ரத்தம் எடுக்க வேண்டும் என்றேன். அவர் சட்டைக் கையை மடித்தார். நான் முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து அவருடைய முழங்கையை என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். மற்றவர் கையில் ஊசி போட்டு இருபது வருடம் ஆகியிருந்தது. அவர் கை கொதித்தது. அந்த நிமிடமும் அவருக்குக் காய்ச்சல் நூற்றொன்றுக்குக் குறையாது, அதோடுதான் தைத்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலால் நரம்பைத் தேடினேன். நழுவியது. மறுபடி தேடினேன். "பரவாயில்லை மேடம், மெதுவா எடுங்க," என்றார். இரண்டாவது குத்தில் டியூபுக்குள் கருஞ்சிவப்பாக ஏறியது. பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டேன். அந்த நேரத்தில் ஏதாவது பேச வேண்டும் என்று தோன்றியது. மழையைப் பற்றி, பரீட்சையைப் பற்றி. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

மனைவி அப்போதுதான் அசைந்தார். தாளை இழுப்பறையில் போடாமல் எந்திரத்தின் மேலேயே வைத்துவிட்டு, குனிந்து கணவர் மடியில் கிடந்த துணிகளை எடுக்க ஆரம்பித்தார். நீலத் துணி, வெள்ளைத் துணி, வெட்டி வைத்த காலர்கள். ஒவ்வொன்றாக, ஓசையில்லாமல், தூங்குகிற குழந்தையின் மேலிருந்து எடுப்பதுபோல. கடைசித் துண்டு வரவில்லை. ஊசி பாதி தைத்த சட்டைக் கையில் இறங்கி நின்றிருந்தது. தையற்காரர் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "இதை மட்டும் முடிச்சுடறேனே," என்றார். அந்த அம்மாள் அவருடைய அந்தக் கையின் மேல் தன் ஈரக் கையை வைத்துக்கொண்டு, அப்படியே நின்றார்.

ரத்தம் உறையாமல் இருக்க டியூபை எட்டு முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். வாசலில் நின்று கவிழ்த்தேன், நிமிர்த்தினேன். கண்ணாடி இன்னும் சூடாக இருந்தது. எட்டு எப்போதோ முடிந்துவிட்டிருக்கும். உள்ளங்கையில் அந்தச் சூடு ஆறுகிறவரை கவிழ்த்துக்கொண்டும் நிமிர்த்திக்கொண்டும் நின்றேன்.